அரை மணி கழித்து இன்னொரு முறை

அந்தப் பையன் நடந்துதான் வந்தான். பைக்கில் சறுக்கி விழுந்தபோது ஹேண்டில்பார் இடது விலாவுக்குக் கீழே இடித்திருக்கிறது. முழங்கையில் தோல் உரிந்து ரத்தம். அறுவை சிகிச்சைப் பயிற்சியில் சேர்ந்து எனக்கு அப்போது நாலு மாதம். நாடி 104, பி.பி. 120/84. "வேற எங்க வலிக்குது?" என்றேன். இடது தோளைத் தொட்டுக் காட்டினான். தோளுக்கு எக்ஸ்ரே எழுதினேன். எலும்பு நன்றாக இருந்தது. முழங்கையைக் கழுவிக் கட்டுப் போட்டு, மாத்திரை எழுதிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போனேன்.

நாற்பது நிமிடம் ஆகியிருக்கும். கேஷுவல்டி சிஸ்டர் வந்து, "டாக்டர், அந்தப் பையன் தண்ணி தண்ணின்னு கேட்டுக்கிட்டே இருக்கான். மொகமே சரியில்ல, வந்து பாருங்க" என்றார். கால் விரல்கள் சில்லிட்டிருந்தன. நாடி 128. பி.பி. 108/90. முதல்முறை நான் கைவைக்கவே இல்லாத வயிற்றில் இப்போது கைவைத்தேன். இடது பக்கம் இறுகியது. அல்ட்ராசவுண்டில் மண்ணீரலைச் சுற்றிக் கறுப்பாக ரத்தம் தேங்கியிருந்தது.

சீனியர் வந்து மண்ணீரலை எடுத்தார். பையன் பிழைத்துவிட்டான். மறுநாள் ரவுண்ட்ஸில் சீனியர் கேஸ் ஷீட்டைப் புரட்டி, என் கையெழுத்தில் இருந்த எக்ஸ்ரே சீட்டைப் பார்த்துவிட்டு, "தோள்ல என்ன கண்டுபிடிச்சே?" என்று மட்டும் கேட்டார்.

தோளில் கண்டுபிடிக்க நிறையவே இருந்தது. நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்துக்குப் போகும் நரம்பு கழுத்தில் இருந்து புறப்படுகிறது. மண்ணீரல் கிழிந்து கசியும் ரத்தம் உதரவிதானத்தின் அடிப்பக்கத்தை உறுத்தினால், அதே கழுத்து நரம்புகள் உணர்வு தரும் தோள் முனையில் வலிப்பதாக மூளை எடுத்துக்கொள்ளும். படுத்தால் கூடும். கெர் அறிகுறி என்று பெயர். தேர்வில் இதற்கு மார்க் வாங்கியவன்தான் நான். ஆனால் தோளை அசைத்தால் வலிக்கிறதா என்று கேட்கத் தோன்றவில்லை. கேட்டிருந்தால் இல்லை என்றிருப்பான். மூட்டில் அடிபட்டவன் அப்படிச் சொல்லமாட்டான்.

இன்று அப்படி ஒருவன் வந்து, ரத்த ஓட்டமும் நிலையாக இருந்தால், சி.டி. எடுத்துப் பார்த்துவிட்டு மண்ணீரலை விட்டுவைக்கவே முயல்வோம். பெரும்பாலும் கத்தி தேவைப்படுவதில்லை. எடுத்தே ஆக வேண்டியவர்களுக்கு நிமோகாக்கஸ், மெனிங்கோகாக்கஸ், ஹீமோஃபிலஸ் கிருமிகளுக்கு எதிரான தடுப்பூசிகளைப் போடாமல் வீட்டுக்கு அனுப்பக் கூடாது. டிஸ்சார்ஜ் அவசரத்தில் இது விட்டுப்போவதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

பி.பி. விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் அன்று நான் நம்பி ஏமாந்தது அதைத்தான். 70 கிலோ ஆளிடம் ஏறக்குறைய 5 லிட்டர் ரத்தம் இருக்கும். இளம் உடம்பு, ரத்தம் போகப் போக, தோலுக்கும் கைகால்களுக்கும் போகும் குழாய்களைச் சுருக்கி, இதயத்தை விரட்டி, மேல் எண்ணை விழவிடாமல் தாங்கிப் பிடிக்கும். 30 விழுக்காடு, அதாவது சுமார் ஒன்றரை லிட்டர் போகும்வரை மேல் எண் பெரிதாக அசையாமல் இருக்கலாம். அதற்கு முன்பே நாடி ஏறும், தோல் குளிரும், தாகம் எடுக்கும், ஆள் எரிந்து விழுவார். கீழ் எண் மேலேறி இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளி குறுகும். என் பையனுக்கு முதலில் 36 இருந்த இடைவெளி பிறகு 18 ஆகிவிட்டது. நாடி எண்ணிக்கை மேல் எண்ணைத் தாண்டிவிட்டால் ஸ்கேனுக்கு வரிசையில் நிற்க நேரம் இல்லை. முதியவர்களிடம் இந்தக் கணக்கு செல்லாது. இதயத் துடிப்பை மட்டுப்படுத்தும் பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு எவ்வளவு ரத்தம் போனாலும் நாடி 80 இலேயே நிற்கக்கூடும். வழக்கமாக 160 இருக்கிறவருக்கு 110 என்பது விழுந்துவிட்ட பி.பி.தான்.

விபத்துக் கேஸ்களில் ஏ, பி, சி, டி, இ என்ற வரிசை எல்லோருக்கும் மனப்பாடம். அது எப்படி வந்தது என்பது எல்லோருக்கும் தெரியாது. 1976 இல் ஜேம்ஸ் ஸ்டைனர் என்ற அமெரிக்க எலும்பு அறுவை மருத்துவர் தானே ஓட்டிய சிறு விமானம் நெப்ராஸ்காவின் வயல்வெளியில் விழுந்தது. மனைவி இறந்துபோனார், பிள்ளைகளுக்குப் பலத்த காயம். அவர்களைக் கொண்டுபோன சிற்றூர் மருத்துவமனையில் கிடைத்த கவனிப்பைப் பார்த்து நொந்துபோனவர், சக மருத்துவர்களோடு சேர்ந்து 1978 இல் நடத்திய பயிற்சி வகுப்புதான் பிறகு உலகமெங்கும் பரவியது. காற்றுவழி, மூச்சு, ரத்த ஓட்டம், நரம்பு நிலை, முழு உடம்பையும் திறந்து பார்ப்பது என்று, எது முதலில் கொல்லுமோ அதை முதலில் பார்க்கும் வரிசை. மனப்பாடம் செய்தவர்கள் தவறவிடுவது இதை: ஒவ்வொரு படியிலும் கண்டதை அங்கேயே சரிசெய்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போக வேண்டும். நிலைமை மோசமானால் மறுபடி ஏ-யில் இருந்து தொடங்க வேண்டும்.

பி-யில், அதாவது மூச்சில், நான் தடுமாறிய கதை ஒன்று உண்டு. நெஞ்சில் அடிபட்டு மூச்சுத் திணறி வந்தவருக்கு வலது பக்கம் மூச்சொலியே இல்லை, தட்டினால் முரசு மாதிரி கேட்டது, கழுத்து ரத்தக்குழாய்கள் புடைத்திருந்தன, பி.பி. 80. "எக்ஸ்ரேக்கு அனுப்பட்டுமா சார்?" என்றேன். சீனியர் பதில் சொல்லாமல் பெரிய ஊசி ஒன்றை உருவினார். புஸ்ஸென்று காற்று வெளியே வந்ததும் அவருக்குப் பேச்சு வந்தது. நுரையீரலைச் சுற்றிக் காற்று அடைபட்டு இதயத்தை நெருக்கும் அந்த நிலையை எக்ஸ்ரேயில் பார்க்க நேர்ந்தால், ஆள் உயிரோடு அங்கே போய்ச் சேர்ந்தது அதிர்ஷ்டம் என்றுதான் அர்த்தம். அவர் அன்று குத்தியது காறை எலும்புக்குக் கீழே, இரண்டாம் விலா இடைவெளியில். பெரியவர்களுக்கு இப்போது நான்காவது அல்லது ஐந்தாவது இடைவெளியில், அக்குளின் நடுக்கோட்டுக்குச் சற்று முன்னால் குத்தச் சொல்கிறார்கள். மார்புச் சதை தடித்தவர்களுக்கு மேலிருந்து போகும் ஊசி உள்ளே எட்டுவதில்லை. ஊசி தற்காலிகம்தான், உடனே நெஞ்சுக்குழாய் போட வேண்டும்.

ரத்தம் எங்கே போகிறது என்ற கேள்விக்கு ஐந்து விடைகள்தான்: வெளியே தரையில், நெஞ்சுக்குள், வயிற்றுக்குள், இடுப்பெலும்புக்குள், தொடைக்குள். ஒரு தொடை எலும்பு முறிந்தாலே ஒரு லிட்டருக்கு மேல் சதைக்குள் ஒளிந்துகொள்ளும். பெரியவர்களின் தலைக்குள் அவ்வளவு ரத்தம் தேங்க இடம் இல்லை. தலையில் அடிபட்டவருக்கு பி.பி. குறைந்தால் தலையைக் காரணம் காட்டிவிட்டு வயிற்றைப் பார்க்காமல் விடாதீர்கள். இடுப்பெலும்பு உடைந்திருக்குமோ என்ற சந்தேகம் வந்தாலே இடுப்பைச் சுற்றி இறுக்கும் பட்டையைக் கட்டிவிடலாம். ஆளாளுக்கு வந்து அழுத்தி ஆட்டிப் பார்த்தால் அடைபட்ட ரத்தக்கட்டி கலைந்துவிடும். பட்டை வேட்டி கட்டும் இடத்தில் இருந்தால் பயன் இல்லை. தொடையின் மேல் புறத்தில் இரண்டு பக்கமும் கையில் தட்டுப்படும் எலும்பு முனைகளின் மட்டத்துக்கு இறங்க வேண்டும். கட்டிவைத்த பட்டைகளில் பாதியை நான் கீழே இறக்கித்தான் மறுபடி கட்டியிருக்கிறேன்.

உறைந்த ரத்தம் கரையாமல் தடுக்கும் டிரானெக்ஸாமிக் அமிலம் என்ற மருந்தின் பெயர் இன்று எல்லோர் வாயிலும் இருக்கிறது. 2010 இல் வெளியான கிராஷ்-2 ஆய்வு, 20,000 பேருக்கு மேல் சேர்த்து, விபத்து ரத்தப்போக்கில் அது உயிர் காக்கும் என்று காட்டியது. 10 நிமிடத்தில் ஒரு கிராம், பிறகு 8 மணி நேரத்தில் இன்னொரு கிராம். அடிபட்டு 3 மணி நேரத்துக்குள் ஏற்ற வேண்டும். அதற்குப் பிறகு கொடுத்தால் கெடுதலாக முடியலாம் என்பதும் அதே ஆய்வில் தெரிந்ததுதான். ஆகவே அடிபட்ட நேரத்தைக் கேட்டு எழுதுங்கள், ஆஸ்பத்திரிக்கு வந்த நேரத்தை அல்ல. பாட்டில் பாட்டிலாக சலைன் ஏற்றுவதும் உதவாது. ரத்தம் நீர்க்கும், உடம்பு குளிரும், குளிர்ந்த ரத்தம் எளிதில் உறையாது. ஒரு லிட்டருக்கு மேல் தேவைப்பட்டால் அவருக்கு வேண்டியது ரத்தம்தான். பரிசோதனைக்காக உடையைக் கத்தரித்தவர் திரும்பப் போர்த்திவிட மறந்துவிடுகிறார். அந்தப் போர்வையும் சிகிச்சைதான்.

தலைக்காயத்தில் என்னைப் பயமுறுத்தும் வார்த்தை, "குடிச்சிருக்காரு சார்." குடித்தவருக்கும் மண்டைக்குள் ரத்தம் கசியும், சர்க்கரை குறையும். முதலில் விரலைக் குத்திச் சர்க்கரை பார்த்துவிடுங்கள். கிளாஸ்கோ நகரில் டீஸ்டேலும் ஜென்னட்டும் 1974 இல் வகுத்த நினைவு அளவுகோலை (முழு நினைவுக்கு 15) பயன்படுத்தும்போது கூட்டுத்தொகையை மட்டும் எழுதினால் போதாது. கண், பேச்சு, அசைவு மூன்றையும் தனித்தனியாக எழுதினால்தான் அடுத்து வருகிறவருக்கு எது சரிந்தது என்று தெரியும். கேஸ் ஷீட்டில் இரவு 11 மணிக்கு 14, அடுத்தது காலை 6 மணிக்கு 7 என்று இருந்த ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். நடுவில் ஏழு மணி நேரம் வெற்றிடம். 'தூங்குகிறார்' என்று ஒரு வரி மட்டும் இருந்தது.

வயிற்று வலிக்கு வருவோம். அறுவைப் பிரிவின் அன்றாட வேலை இதுதான். நான் அதிகம் தவறியதும் இதில்தான்.

"எங்க வலிக்குது?" என்பதைவிட "எங்க ஆரம்பிச்சுது?" என்பது நல்ல கேள்வி. தொப்புளைச் சுற்றி மந்தமாக ஆரம்பித்து, பசி போய், வாந்தி எடுத்து, சில மணி நேரத்தில் வலது அடிவயிற்றுக்கு நகர்ந்து கூர்மையானால் அது அப்பெண்டிக்ஸ் எழுதிய சுயசரிதை. மக்பர்னி என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் 1889 இல் குறித்துக்காட்டிய இடத்தில் ஒரே விரல் வைத்தால் போதும். சிக்கல் என்னவென்றால் அப்பெண்டிக்ஸ் எல்லா நேரமும் இப்படிப் பாடப்படி நடப்பதில்லை. குடலுக்குப் பின்னால் மடங்கி இருந்தால் முன்பக்கம் மென்மையாகவே இருக்கும், இடுப்புக்குழிக்குள் தொங்கினால் பேதியும் சிறுநீர் எரிச்சலும் வரும். இரண்டாவது வகையை வயிற்றுப்போக்கு என்று அனுப்பி, மூன்றாம் நாள் சீழோடு திரும்ப வாங்கியிருக்கிறேன்.

குழந்தைகளின் வயிற்றை அழுத்துவதற்கு முன் ஒற்றைக் காலில் குதிக்கச் சொல்லுங்கள். சிரித்துக்கொண்டே குதிக்கிற பிள்ளைக்கு வயிற்று உறை அழற்சி இருக்க வாய்ப்பு குறைவு. ஒரு குதியோடு வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் பாதி விடை கிடைத்துவிட்டது. பெரியவர்களை இருமச் சொல்லலாம். அழுத்திவிட்டுச் சட்டென்று கையை எடுக்கும் அந்தச் சோதனையை நான் விட்டு வெகுநாளாகிறது. மெல்லத் தட்டினாலே அதே விடை வருகிறது, நோயாளியின் நம்பிக்கையும் போகாது.

நாங்கள் படித்தபோது, சர்ஜன் வந்து பார்க்கும்வரை வலி மருந்து கொடுக்காதே, அறிகுறி மறைந்துவிடும் என்பார்கள். அது தவறு என்று ஆய்வுகள் காட்டிவிட்டன. வலி தணிந்தவர் வயிற்றைத் தளர்த்திக் காட்டுவார். நிஜமான இறுக்கம் மருந்துக்குப் பிறகும் அங்கேயேதான் இருக்கும். இன்னும் சில இடங்களில் நோயாளியை மணிக்கணக்கில் துடிக்க விடுகிறார்கள், எனக்குக் கோபம் வருகிறது.

என் பெரிய தவறு ஒரு பாட்டி. இரண்டு நாளாக வாந்தி, வயிறு உப்பல். ஏற்கனவே இருவர் 'இரைப்பைக் குடல் அழற்சி' என்று எழுதி ட்ரிப் ஏற்றியிருந்தார்கள். நானும் வயிற்றை அழுத்திப் பார்த்தேன், மென்மையாக இருந்தது, அந்த வரியையே என் கையெழுத்தில் இன்னொரு முறை எழுதினேன். அன்று மாலை துணி மாற்றிய ஆயா, "தொடை இடுக்குல ஒரு கட்டி இருக்குதுங்க" என்றார். நெல்லிக்காய் அளவுதான். தொடைக் குடலிறக்கம், உள்ளே குடல் நெரிபட்டுக் கறுத்துவிட்டது. ஓர் அடி நீளத்தை வெட்டி இணைக்க வேண்டியதாயிற்று. பாட்டி கூச்சத்தால் அதைப் பற்றிச் சொல்லவில்லை, நாங்கள் மூவரும் கூச்சத்தாலோ சோம்பலாலோ புடவையை விலக்கிப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு வாந்தி என்று வருகிற எவரையும் இரண்டு இடுக்குகளையும் பார்க்காமல் நான் விட்டதில்லை. அடிவயிற்று வலி என்று வரும் பையன்களின் விரைகளையும் அப்படித்தான். விரை முறுக்கிக்கொண்டால் ஏறக்குறைய 6 மணி நேரம்தான் கையில் இருக்கும். வெட்கத்தில் வயிறு வலி என்பான், நீங்கள் ஸ்கேனுக்குக் காத்திருப்பீர்கள், விரை செத்துப்போகும். பலமான சந்தேகம் இருந்தால் நேரே தியேட்டர். கருத்தரிக்கும் வயதுப் பெண்ணுக்கு வயிற்று வலி என்றால் கர்ப்பப் பரிசோதனை. திருமணமானவரா, தள்ளிப்போயிருக்கிறதா என்ற பதில்களை வைத்து அதைத் தவிர்க்காதீர்கள். கருக்குழாயில் தங்கிய கரு வெடித்தால் அதற்கும் தோளில் வலிக்கும், என் பையனைப் போலவே.

இரைப்பைப் புண் ஓட்டையானால் வயிறு பலகை மாதிரி இறுகும், ஆள் அசையாமல் கிடப்பார். சிறுநீரகக் கல் வலிக்காரர் நேர் எதிர், படுக்கையில் புரளுவார். கதவருகே நின்றபடியே இந்த வித்தியாசத்தைப் பார்த்துவிடலாம். உட்கார வைத்து ஒரு பத்து நிமிடம் கழித்து நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தால் உதரவிதானத்துக்கு அடியில் காற்று பிறையாகத் தெரியும். தெரியாவிட்டால் ஓட்டை இல்லை என்று முடிவு கட்ட வேண்டாம், சி.டி. எடுங்கள். அப்புறம், இதயத் துடிப்பு ஒழுங்கற்ற ஒரு முதியவர் வலியில் துடிக்கிறார், வயிறோ தொட்டால் பஞ்சு என்றால், குடலுக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்திருக்கிறதா என்று அந்த நிமிடமே பார்க்க வேண்டும். வலிக்கும் தொட்டுப் பார்ப்பதற்கும் பொருத்தமே இல்லை என்பதுதான் அங்கே அறிகுறி. மேல்வயிற்று வலிக்கு இ.சி.ஜி., கூடவே சர்க்கரை. மாரடைப்பையும் நீரிழிவு அமிலத்தேக்கத்தையும் வயிற்றைக் கிழித்துக் குணப்படுத்த முடியாது.

காயங்களைப் பற்றிச் சுருக்கமாக. கையில் வெட்டுப்பட்டு வந்தால் மரத்துப்போகும் ஊசிக்கு முன்பு விரல் நுனி உணர்ச்சியையும் ஒவ்வொரு விரலின் மடக்கலையும் பார்த்து எழுதிவிடுங்கள். ஊசிக்குப் பிறகு நரம்பு வெட்டுப்பட்டதா மரத்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. கண்ணாடிச் சில் பெரும்பாலும் எக்ஸ்ரேயில் தெரியும், தெரியாது என்பது கட்டுக்கதை. சண்டையில் எதிராளியின் பல்லில் குத்திக் கிழிந்த விரல் முட்டியைத் தைக்காதீர்கள், கழுவித் திறந்து விடுங்கள்.

இன்னொரு இரவு. முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து மாவுக்கட்டோடு வார்டில் இருந்த வாலிபன். பத்து மணிக்கு வலி என்று போன் வந்தது, ஊசி சொன்னேன். பன்னிரண்டுக்கு மறுபடி போன், இன்னும் பலமான ஊசி சொன்னேன். இரண்டு மணிக்கு மூன்றாவது போன். "வலி தாங்காத ஆளு போல" என்று சொல்லிக்கொண்டுதான் எழுந்து போனேன். கால் விரல்கள் சூடாக, சிவப்பாக இருந்தன. பாத நாடி நன்றாகக் கிடைத்தது. திரும்பி நடந்திருப்பேன். பழக்கதோஷத்தில் பெருவிரலைப் பிடித்து மெல்ல மேலே வளைத்தேன். கத்தினான்.

காலின் சதை இறுகிய உறைகளுக்குள் பெட்டி பெட்டியாக இருக்கிறது. அந்தப் பெட்டிக்குள் அழுத்தம் ஏறி, நுண்குழாய்கள் நசுங்கிச் சதை செத்துக்கொண்டிருந்தது. பெரிய தமனியை அடைக்க அதைவிட எவ்வளவோ அதிக அழுத்தம் வேண்டும். அதனால்தான் நாடி கடைசிவரை கிடைக்கும். நாடி போன பிறகுதான் கண்டுபிடிப்பேன் என்றால் காலை வெட்டுகிறவரைக் கூப்பிட வேண்டியிருக்கும். மாவுக்கட்டை மட்டுமல்ல, அடியில் இருக்கும் பஞ்சையும் தோல் தெரியும்வரை முழு நீளத்துக்கு வெட்டிப் பிரித்தேன். காலைத் தலையணை மேல் உயர்த்தாமல் இதய மட்டத்தில் வைத்தேன். உயர்த்தினால் ரத்தம் இன்னும் குறையும். அரை மணியில் வலி தணியவில்லை. தியேட்டரில் நான்கு பெட்டிகளையும் திறந்தோம். கால் மிஞ்சியது, பெருவிரலை மட்டும் அவனால் முழுதாக நிமிர்த்த முடியவில்லை. பத்து மணிக்கே போயிருந்தால் நிமிர்த்தியிருப்பானா என்று அவன் என்னைக் கேட்கவில்லை. எலும்பு முறிவுக்காரர் இரண்டாவது முறை வலி மருந்து கேட்டால் போனில் பதில் சொல்வதை அன்றோடு நிறுத்தினேன்.

பல காயங்களோடு வந்தவர்களை மறுநாள் காலையில் உச்சி முதல் பாதம் வரை மறுபடி பார்ப்பது இப்போது எங்கள் வார்டின் வழக்கம். முந்தின நாள் உயிர் காக்கும் அவசரத்தில் விட்டுப்போன மணிக்கட்டு முறிவு, கிழிந்த முழங்கால் தசைநார், உடைந்த கால்விரல் எல்லாம் அப்போதுதான் வெளியே வரும். நினைவு தெளிந்தவுடன் அவரே சொல்லிவிடுவார், கேட்க ஆள் இருந்தால்.

போன வாரம் இரவு ஒன்றரை மணிக்கு டியூட்டியில் இருந்த மாணவி போன் செய்தாள். பத்தொன்பது வயதுப் பெண், வலது அடிவயிற்றில் வலி, பரிசோதனையில் கர்ப்பம் இல்லை என்று வந்துவிட்டது, ரத்த வெள்ளை அணுக்கள் கொஞ்சம் கூடியிருக்கின்றன, ஸ்கேனில் அப்பெண்டிக்ஸ் தெரியவில்லை. "அப்பெண்டிக்ஸ்னும் சொல்ல முடியல சார், இல்லேன்னும் சொல்ல முடியல. என்ன எழுதட்டும்?"

"அதையே எழுதும்மா. எத்தனை மணிக்குப் பார்த்தே, எந்த இடத்துல வலிச்சுது, எவ்வளவு இறுக்கம்னு எழுது. வலிக்கு மருந்து குடு. நாலு மணிக்கு நீயே போய்ப் பாரு, வேற ஆளை அனுப்பாதே."

நாலே காலுக்குப் போன் வந்தது. "இப்ப விரல் வைக்கவே விடமாட்டேங்குறா சார். தியேட்டருக்குச் சொல்லிட்டேன்."

சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.